அரசன் கத்தியும் கவ்வாத்துக் கத்தியும்

ஏரும் எழுத்தாணியும் போற்றப்பட்ட அளவுக்குக் கத்தி தமிழுலகில் போற்றப்பட்டதில்லை. ஏர் உணவைத் தந்தது. எழுத்தாணி நூலைத் தந்தது. கத்தியோ வெட்டுவது, ஆதலின் அஞ்சத்தக்கது என்று ஒதுக்கி வைக்கப்பட்டது. ஆயினும் சற்று எண்ணிப் பார்த்தால், ஏருக்கு மரம் செதுக்கியதும் கத்தியே. எழுத்தாணிக்கு ஓலை வார்ந்ததும் கத்தியே. பிற கருவிகளை ஆக்கித் தந்த கருவி அது. அதன் வரலாறு போர்க்களத்தின் வரலாறு மட்டுமன்று. காட்டைக் கழனியாக்கிய உழைப்பின் வரலாறும் ஆகும்.

இலங்கையின் மத்திய மலைநாடு இரு கத்திகளைக் கண்ட நாடு. ஒன்று, கண்டி அரசனுடைய பட்டறையில் வெள்ளியும் பித்தளையும் இழைத்துச் செய்யப்பட்ட அலங்காரக் கத்தி. மற்றொன்று, நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை மலைகளிலே தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்த தொழிலாளியின் வளைந்த கத்தி. முன்னது உலகத்து அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் வீற்றிருக்கிறது. பின்னதோ தேய்ந்து தேய்ந்து, லயத்துக் கூரையிலே செருகப்பட்டு, துருவேறி மறைந்து போகின்றது. இவ்விரு கத்திகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இன்று மிகவும் வேண்டற்பாலது.

கத்தியை மதிப்பிடுவது எவ்வாறு? கையால் அடித்துச் செய்த கத்திகளை விரும்பித் தேடிப் போற்றுவோர் உலகின் பல நாடுகளிலும் உளர். அவருள் காட்டிலும் மலையிலும் நடந்து பழகியோர் மடக்குக் கத்தியினும் மடங்காத கத்தியையே சிறப்பாகக் கருதுவர். காரணம் வெளிப்படை. மடக்குக் கத்தியில் அலகும் பிடியும் ஓர் ஆணியால் இணைக்கப்பட்டுள்ளன. பாரம் ஏறும்போது முதலில் தளர்வது அந்த ஆணியே. மடங்காத கத்தியில் அலகின் இரும்பே நீண்டு பிடிக்குள் புகுந்து நிற்கின்றது. நுனி முதல் பிடியின் அடிவரை அது ஒரே உடம்பு. கையின் வலிமை சிறிதும் சிதறாமல் வெட்டும் விளிம்பைச் சென்றடைகின்றது.

இத்தகைய கத்தியில் அவர்கள் நோக்குவன மூன்று. முதலாவது உருக்கின் பதம். மிகக் கடினமான உருக்கு கூர்மையை நெடுநேரம் தாங்கும். ஆனால் எளிதில் உடையும். மென்மையான இரும்பு உடையாது. ஆனால் விரைவில் மழுங்கும். விளிம்பைக் கடினமாகவும் முதுகைத் துவளும் இயல்புடையதாகவும் ஒரே அலகில் அமைப்பவனே தேர்ந்த கொல்லன். உலையில் சூடேற்றி, நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து, மீண்டும் இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்தும் நுட்பம் முழுவதும் இதிலேதான் அடங்கியுள்ளது. இரண்டாவது எடையின் அமைப்பு. பாரம் அலகில் மிகுந்தால் வெட்டு ஆழும். பிடியில் மிகுந்தால் நுண்ணிய வேலைக்கு ஏற்கும். மூன்றாவது பிடி. நாள் முழுவதும் பற்றியிருந்தாலும் உள்ளங்கையை உரசாத பிடியே நல்ல பிடி.

அமெரிக்க நாட்டிலே பில் மோரன் என்னும் கத்திக் கொல்லர், எந்திரங்களால் நலிந்துபோன உலைக்களத் தொழிலுக்குப் புத்துயிர் ஊட்டியவராகப் போற்றப்படுகிறார். அவர் முன்னின்று 1976ஆம் ஆண்டில் தோற்றுவித்த அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் தன் உறுப்பினர்க்கு ஒரு தேர்வு வைத்துள்ளது. தேர்வு எழுதுபவர் தாமே அடித்த கத்தியைக் கொண்டுவர வேண்டும். கட்டின்றித் தொங்கும் ஓர் அங்குலப் பருமனுள்ள கயிற்றை அக்கத்தி ஒரே வீச்சில் துண்டிக்க வேண்டும். பின்னர் ஒரு மரச்சட்டத்தை இருமுறை வெட்டி முறிக்க வேண்டும். அவ்வளவு வெட்டிய பின்னும் அதே விளிம்பு கையிலுள்ள மயிரை மழிக்கும் கூர்மையோடு இருக்க வேண்டும். இறுதியில் அலகைப் பிடியிறுக்கியில் பொருத்திச் செங்கோணமாக வளைக்கும்போது அது இரண்டாக முறிந்துவிடக் கூடாது. கூர்மை, உறுதி, துவள்வு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்ததுதான் கத்தி என்பது இத்தேர்வின் கருத்து. இந்த உரைகல்லை மனத்திற் கொண்டு மலைநாட்டின் கதைக்குள் புகுவோம்.

மலைநாட்டில் இரும்புத்தொழில் நேற்றுத் தோன்றியதன்று. மத்திய மலைகளின் தென்சரிவில், பலாங்கொடைக்கு அண்மையில் சமனலவெவ என்னுமிடம் உள்ளது. அங்கு நீர்த்தேக்கம் ஒன்று கட்டப்படுவதற்கு முன்னர் நிகழ்ந்த தொல்லியல் ஆய்வில், பழங்கால இரும்புருக்கு உலைகள் பல கண்டறியப்பட்டன. ஜில் ஜூலெஃப் என்னும் ஆங்கில ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்து, 1996ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் தம் முடிவை வெளியிட்டார். மேற்கு நோக்கிய மலை முகடுகளில் அமைந்திருந்த அவ்வுலைகளுக்குத் துருத்தி ஊதுவோர் தேவைப்படவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தானே உலையை ஊதியது. காற்றினால் இவ்வளவு சூட்டைப் பெற இயலுமா என ஐயுற்ற அறிஞர் பலர் இருந்தனர். அவர்கள் ஐயம் தீர, அதே இடத்தில் பழைய முறைப்படி உலை கட்டி இரும்பு உருக்கியும் காட்டப்பட்டது. கி.பி. முதல் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியில் இத்தொழில் அங்கே செழித்திருந்தது.

ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு நாட்டு மெய்யறிஞர் அல் கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப்பின் உருக்கையும் குறிப்பிட்டுள்ளார். ஸரந்தீப் என்பது அரபியர் இலங்கைக்கு இட்ட பெயர். காற்று வீசிய மலைச்சரிவுக்கும் பாக்தாத் நகரத்து அறிஞருடைய எழுதுகோலுக்கும் இடையே உருக்கு ஒரு பாலமாக அமைந்தது வியப்புக்குரியதே.

இரும்பை உருக்காக மாற்றும் நுட்பமும் இப்பகுதியினர்க்குத் தெரிந்திருந்தது. சிறு இரும்புத் துண்டையும் மரத்துண்டுகளையும் களிமண் குகையில் இட்டு மூடி, கடுந்தீயில் வாட்டி எடுப்பர். மரத்திலுள்ள கரி இரும்பில் கலந்து உருக்காகும். கடலுக்கு அப்பால் சேலம் நாட்டுக் கொல்லரும் இதே முறையைக் கையாண்டனர். ஆவாரை மரத்தையும் எருக்கிலையையும் அவர்கள் குகைக்குள் இட்டதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கண்டு எழுதிவைத்தனர். இங்கிலாந்தில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர் குகையில் உருக்குக் காய்ச்சும் முறையைக் கண்டது 1740ஆம் ஆண்டை ஒட்டியே ஆகும். அதனால் ஷெஃபீல்ட் நகரம் உலகப் புகழ் பெற்றது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தென்னகத்திலும் இலங்கையிலும் அத்தொழில் கைவந்த கலையாக இருந்தது.

இத்தகைய தொழில்மரபின் மீதே கண்டியரசின் பட்டறைகள் எழுந்தன. ‘பட்டல் ஹத்தர’ என்று சிங்களத்தில் வழங்கப்பட்ட நான்கு பட்டறைகள் அரண்மனைக்கு உரியனவாக இருந்தன. அணிகலன், அரியணை, முடி, படைக்கலம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டறை உண்டு. பட்டல் என்னும் அச்சொல் தமிழ்ச் செவிக்குப் பட்டறை என்று ஒலிப்பதைக் கேட்போர் உணர்வர். கைவினைஞர்க்கு அரசன் மானியமாக நிலம் வழங்கினான். அதற்கு ஈடாக அவர்கள் அரசனுக்கும் பிரதானிகளுக்கும் தம் தொழிலைச் செய்து கொடுத்தனர். கத்தி, பாக்குவெட்டி போன்றவற்றைக் கையுறையாகவும் கொண்டு வந்தனர்.

அங்கு உருவான ‘பிஹா கெத்த’ என்னும் கத்தியே கண்டிக் கத்தி என்று இன்று உலகெங்கும் அறியப்படுகிறது. அதன் அலகு குறுகியது, ஆனால் கனத்தது. ஒருபுறம் மட்டுமே கூருடையது. அலகின் அடியிலும் முதுகிலும் வெள்ளியும் பித்தளையும் பதித்துக் கொடிக்கோலம் இழைத்திருப்பர். யானைத் தந்தம், கொம்பு, மரம், ஒரோவழிப் பளிங்கு ஆகியவற்றால் பிடி அமைப்பர். பிரதானிகள் அதனை இடைக்கச்சில் செருகிக்கொள்வது வழக்கம். அத்தகைய கத்திகள் பலவற்றின் மர உறையில் எழுத்தாணி ஒன்றும் உடன் பொருந்தியிருக்கும். கத்தி ஓலையை நறுக்கும். எழுத்தாணி அவ்வோலையில் எழுதும். வெட்டுவதும் எழுதுவதும் ஒரே உறையில் உறங்கின.

இக்கலையின் அருமையை உலகுக்கு எடுத்துரைத்தவர் ஒரு தமிழர். அவர் கொழும்பில் 1877ஆம் ஆண்டு சேர் முத்துக்குமாரசுவாமிக்கு மகனாகப் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி ஆவார். அவர் முதலில் மண்ணியல் அறிஞராகவே இலங்கையில் பணிபுரிந்தார். 1903ஆம் ஆண்டு முதல் 1906ஆம் ஆண்டு வரை கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராக ஊர் ஊராக அலைந்தார். கற்களைத் தேடிச் சென்ற அவருடைய கண்ணுக்குக் கைவினைஞரும் அவர்களுடைய உலைகளும் தென்பட்டன. நலிந்துகொண்டிருந்த இரும்புத்தொழிலையும் உருக்குத்தொழிலையும் அவர் நேரிற் கண்டு எழுதினார். அவருடைய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல் 1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. கையச்சுப்பொறியில் 425 படிகளே அச்சிடப்பட்டன. வில்லியம் மோரிஸ் என்னும் ஆங்கிலக் கலைஞர் முன்னர்த் தம் நூல்களை அச்சிட்ட பொறி அது. கைத்தொழிலைப் போற்றிய நூல் கைத்தொழிலாகவே பிறந்தது பொருத்தமேயாகும்.

ஆதரித்த கை அகன்றால் கலை என்னாகும் என்பதையே அந்நூல் கவலையோடு ஆராய்ந்தது. 1815ஆம் ஆண்டில் கண்டியரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டைக்குச் சிறையாக அனுப்பப்பட்டு, 1832ஆம் ஆண்டில் அங்கேயே உயிர் நீத்தான். பட்டறைகளைத் தாங்கிய அரண்மனை இல்லையாயிற்று. மேனாட்டிலிருந்து மலிவான பண்டங்கள் கப்பலேறி வந்தன. கொல்லருடைய பிள்ளைகள் வேறு தொழில் நாடினர். கத்திகளோ விருந்தினர் கைக்கும், வணிகர் கைக்கும், கடல்கடந்த அருங்காட்சியகங்களுக்கும் சென்று சேர்ந்தன.

அரசு வீழ்வதற்கு முன்னரே சென்றவையும் உண்டு. 1765ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கண்டிநகர் மீது படையெடுத்து அரண்மனையைச் சூறையாடினர். மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அப்போது அரசனாக இருந்தான். அந்நாளிற் கைப்பற்றப்பட்ட புகழ்மிக்க சிறு பீரங்கி, ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. நெதர்லாந்து அரசு 2023ஆம் ஆண்டில் அந்தப் பீரங்கியோடு இரண்டு அலங்கார வாள்களையும், இரண்டு துப்பாக்கிகளையும், ஒரு கத்தியையும் இலங்கைக்குத் திருப்பி அளித்தது. ஆறு பொருள்களும் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தை வந்தடைந்தன. முறையற்ற வழியில் எடுத்துச் செல்லப்பட்டதை உரியவரிடம் சேர்ப்பது நீதி. அந்த ஒரு கத்தி திரும்பி வந்தது ஒரு நாட்டின் மானம் திரும்பி வந்ததற்கு ஒப்பாகக் கொண்டாடப்பட்டது.

இனி மற்றக் கத்தியின் கதைக்கு வருவோம். அதைத் திருப்பித் தருவதற்கு எந்த நாடும் இல்லை. ஏனெனில் அதை எடுத்துச் செல்லத்தக்க பொருளாக எவரும் கருதவில்லை.

கண்டியரசு வீழ்ந்து பத்தாண்டு கழியுமுன்னரே கம்பளைக்கு அண்மையில் காப்பித் தோட்டம் தோன்றிற்று. அதன்பின் மலைமலையாகக் காடு வெட்டப்பட்டது. தமிழகத்தின் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் கங்காணிமார் பின்னே திரண்டு வந்தனர். இராமேசுவரத்துக் கரையிலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கி, நீரற்ற காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். மலையை அடைந்தோர் கையில் கோடரியும் கத்தியும் மண்வெட்டியும் கொடுக்கப்பட்டன.

1869ஆம் ஆண்டில் காப்பிச் செடியை இலைத்துரு என்னும் நோய் பற்றியது. சில ஆண்டுகளில் காப்பித் தொழில் அழிந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, அதாவது 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி விட்டுச் சென்ற மலைகளில் எல்லாம் தேயிலை ஏறிற்று. தேயிலை ஏறியதும் கவ்வாத்துக் கத்திக்கு வேலை பிறந்தது.

தேயிலை இயல்பாகவே ஒரு மரம். விட்டுவைத்தால் 30 அடிக்கும் மேல் உயர்ந்து, பூத்துக் காய்த்து, தன் போக்கில் வாழும். மலைச்சரிவுகளில் விரித்த பச்சைக் கம்பளம் போல் அது இடுப்பளவில் நிற்பதை உல்லாசப் பயணிகள் இயற்கை எழில் என்று வியக்கின்றனர். அது இயற்கையன்று, கத்தியின் எழில். உயர்ந்த மலைகளில் ஏறத்தாழ நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், தாழ்ந்த நிலங்களில் அதனினும் குறைந்த காலத்திலும், ஒவ்வொரு செடியும் கவ்வாத்துச் செய்யப்பட வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அல்லது இரண்டு அடி உயரத்தில், முந்திய வெட்டுக்குச் சற்று மேலாக அதனைத் தறித்துவிடுவர். இலையில்லாத குச்சிகளாக மலை நிற்கும். இரண்டு மூன்று மாதங்களில் புதுத்தளிர் வெடித்து மீண்டும் பச்சை படரும். நூறாண்டைக் கடந்த செடிகள் இன்றும் கொழுந்து தருகின்றன எனின், தலைமுறை தலைமுறையாக அவற்றை இளமையாக்கிய கையே அதற்குக் காரணம்.

அந்த வெட்டு எளிதானதன்று. கிளை ஒரே இழுப்பில் அறுபட வேண்டும். வெட்டுவாய் சாய்வாக அமைய வேண்டும். தட்டையாக இருந்தால் மழைநீர் தங்கி மரம் உளுத்துவிடும். பட்டை உரியக் கூடாது. கிளை பிளக்கக் கூடாது. பிளந்த இடத்தில் பூஞ்சணம் புகுந்து, நோய் வேர்வரை இறங்கும். நோயுற்ற கிளை எது, வலுவுள்ள கிளை எது, நடுவிலே குறுக்கிட்டு வெயிலை மறைப்பது எது என்று பார்த்த அளவில் தெரிய வேண்டும். செடியின் நடுவைத் திறந்து, புறத்தே படரவைப்பது கவ்வாத்துக்காரனுடைய கண்ணின் வேலை. சில மலைகளில் ஓரிரு கிளைகளை இலையோடு விட்டுவைப்பதும் உண்டு. செடி மூச்சுவிட அவை உதவும் என்பதால் துரைமார் அவற்றை நுரையீரல் என்றே ஆங்கிலத்தில் பெயரிட்டனர்.

1925ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றுத் தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இவ்வெட்டின் அறிவியலை விரிவாக ஆராய்ந்துள்ளது. வெட்டுண்ட செடிக்கு இலை இல்லை. ஆகவே வேரில் சேமித்துவைத்த மாச்சத்தைக் கொண்டே அது மீண்டும் தளிர்க்க வேண்டும். வேரை நறுக்கி அயோடின் கரைசலில் தோய்த்தால், மாச்சத்து உள்ளதாயின் கருநீலம் காட்டும். நிறம் காட்டாத செடியை வெட்டினால் அது மாண்டுபோகும். ஆய்வுகூடம் கண்ணாடிக் குப்பியில் கண்ட உண்மையைக் கவ்வாத்துக்காரன் இலையின் வாட்டத்திலும் நிலத்தின் ஈரத்திலும் கண்டு பழகியிருந்தான்.

இனி அக்கத்தியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அதில் வெள்ளி இல்லை, தந்தம் இல்லை, கொடிக்கோலம் இல்லை. சற்றே வளைந்த அலகு. அதைத் தாங்கும் உறுதியான மரப்பிடி. வளைவுதான் அதன் உயிர். கிளை வழுவிச் செல்லாமல் அலகுக்குள் அடங்கி நிற்க அந்த வளைவு உதவுகின்றது. இழுப்பின் வலிமை முழுவதும் ஓரிடத்திற் குவிகின்றது. தேயிலைக் கட்டை கடினமானது. அதனை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை வெட்டியும் விளிம்பு நெளியாதிருக்க உருக்கில் பதம் வேண்டும். கல்லில் பட்டு முறியாதிருக்க முதுகில் துவள்வு வேண்டும். கொட்டும் மழையிலும் கை வழுக்காதிருக்கப் பிடியில் அமைதி வேண்டும். அமெரிக்கக் கொல்லர் சங்கம் ஒருநாள் வைக்கும் தேர்வை மலைநாட்டுக் கத்தி ஒவ்வொரு நாளும் எழுதியது. தேர்வில் தவறினால் கெடுவது கத்தி மட்டுமன்று; செடியும், அன்றைய கூலியும் கெடும்.

ஆதலின் கத்தியைத் தீட்டுவது ஒரு நோன்பு போல நடந்தது. மலைக்குச் செல்லுமுன் கல்லில் நீர் தெளித்துத் தீட்டுவர். வேலைக்கு இடையிலும் தீட்டுவர். தீட்டத் தீட்ட அலகு மெலியும். ஒருவர் கையிற் பல்லாண்டு உழைத்த கத்தி பிறைபோல் ஒடுங்கி, பிடியோ அவருடைய விரல்கள் பதிந்த பள்ளங்களோடு விளங்கும். அத்தகைய பிடியைப் பிறர் பற்றினால் பொருந்தாது. கண்டிப் பட்டறையில் கொல்லன் பிடியைச் செதுக்கினான். மலைநாட்டில் உழைப்பே பிடியைச் செதுக்கிற்று. கொழுந்து பறிக்கும் பெண்களின் விரலும், கவ்வாத்து வெட்டும் ஆண்களின் கத்தியும் ஒன்றையொன்று சார்ந்தே தோட்டம் வாழ்ந்தது. கவ்வாத்து மலையில் விழுந்த கட்டைகளே லயத்து அடுப்புகளில் எரிந்து மலைக்குளிருக்கு வெம்மை தந்தன.

இவ்வளவு திறன் படைத்த கைக்கு நாடு அளித்த மதிப்பு யாது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டிலேயே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பாதிப்பாதியாக ஏற்பதென 1974இல் தீர்மானித்தனர். மக்களை எண்ணிப் பங்கிட்டனர்; எவரும் அவர்களை வினவவில்லை.

கப்பலேறியவர் தம்முடன் கொண்டுசென்ற பொருள் சிலவே. ஆயினும் கைத்திறனை எந்தச் சுங்கச் சாவடியும் தடுக்க இயலாது. தாயகம் திரும்பியோர் வாழ்வுக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968ஆம் ஆண்டில் நீலகிரியிலே தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கூடலூர், குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் இலங்கை மலையில் பழகிய கைகள் மீண்டும் தேயிலையைத் தொட்டன. ஒரு நாட்டின் மலையைப் பசுமையாக்கியவர், அந்நாடு வேண்டாமென்ற பின், மற்றொரு நாட்டின் மலையையும் பசுமையாக்கினர். இலங்கையில் எஞ்சியோர்க்குக் குடியுரிமை படிப்படியாகவே வந்தது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் நாடற்ற நிலை பெரும்பாலும் தீர்ந்தது.

மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியிலேயே பின்னோர் நடந்து, நிலம், வீடு, கூலி, மதிப்பு ஆகியவற்றைக் கேட்டனர். அரசனுடைய கத்தி ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்து சேர்ந்ததும் அதே ஆண்டுதான். ஒரு கத்திக்கு அரசு வரவேற்பு. மற்றொரு கத்தியைப் பிடித்த கையின் பேரர்களுக்கு நெடுவழி நடை. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஓராண்டில் அமைந்தது தற்செயலே. ஆனால் அத்தற்செயல் சிந்திப்போர்க்கு ஒரு பாடம் ஆகின்றது.

அரசன் கத்தியை இகழ வேண்டும் என்பது இதன் பொருளன்று. அதனைச் செய்தவனும் ஓர் உழைப்பாளியே. தன் பெயரை அலகில் பொறிக்காமல் மறைந்த கொல்லனுக்கும், தான் வெட்டிய மலையில் பெயரில்லாமல் மறைந்த கவ்வாத்துக்காரனுக்கும் உள்ள உறவு மிக நெருங்கியது. ஒருவன் கத்தியை ஆக்கினான். மற்றவன் கத்தியால் ஆக்கினான். முன்னவன் திறமையைக் கண்டுணர ஆனந்த குமாரசுவாமி போன்ற ஓர் அறிஞர் கிடைத்தார். பின்னவன் திறமையை எழுதிவைக்க அத்தகைய பெருநூல் இன்னும் எழவில்லை.

நம்பிக்கைக்கு இடமில்லாமலும் போகவில்லை. கம்பளைக்கு அருகிலுள்ள ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லய அறைகளையே கூடமாக்கி, தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. தொழிலாளர் கையாண்ட கருவிகளும் வீட்டுப் பண்டங்களும் அங்கே இடம்பெற்றுள்ளன. ஒரு கூடத்தில் அடங்கும் கதையன்று இது. எந்திரக் கவ்வாத்துக் கருவிகள் மலையேறிவிட்டன. இளைஞர் நகரங்களுக்குச் செல்கின்றனர். கத்தியால் வெட்டத் தெரிந்த முதியோர் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றனர். எந்தக் கிளையை விடுவது, எதை வெட்டுவது என்னும் அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை. அது அவர்கள் கையிலும் கண்ணிலும் உள்ளது. அவர்களோடு அதுவும் மறைந்துவிடும்.

தோட்டப் பாடசாலைகளின் மாணவர் தத்தம் வீட்டுக் கூரையில் செருகியுள்ள பாட்டனின் கத்தியை எடுத்துத் துருநீக்கி எண்ணெயிடட்டும். அது எந்தத் தோட்டத்தில், எத்தனை ஆண்டு உழைத்தது என்று வீட்டில் முதியோரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி, அதனோடு கட்டிவைக்கட்டும். அழகிய கத்திகளைத் தேடி உலகெங்கும் அலையும் அன்பர்கள், அந்தத் தேய்ந்த பிறையையும் ஒருமுறை கையிலெடுத்துப் பார்க்கட்டும். உருக்கின் பதமும், எடையின் அமைப்பும், பிடியின் பொருத்தமும் அதிலே நிறைந்திருக்கக் காண்பர். அது செதுக்கிய சிற்பம் பேழைக்குள் இல்லை. ஹற்றனிலிருந்து நுவரெலியா வரை மலைமேல் மலையாக விரிந்து, இன்றும் தளிர்த்துக்கொண்டிருக்கிறது.